தூக்க முடியாத கை

முடியை வெட்டிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வதற்கென்ன, அவரவர் முடி அவரவர் தலையில் பத்திரமாக இருந்தது.

முதலில் சொன்னவர் கீமோ வார்டு நர்ஸ். என் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு நீளத்தை வெச்சுக்கிட்டு கஷ்டப்படாதீங்கம்மா. முதல் மருந்து ஏறி ரெண்டு மூணு வாரத்துல கொத்துக் கொத்தா வர ஆரம்பிச்சிடும். தலகாணியில கிடக்கும், சாப்பாட்டுல கிடக்கும், பாத்ரூம்ல தண்ணி போற ஓட்டையை அடைச்சுக்கும். முன்னாடியே குட்டையா வெட்டிட்டீங்கன்னா மனசுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்றார். நல்ல பெண். பொய்யாகச் சிரிக்காமல் சொன்னார்.

"மருந்து எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்கேன் பாக்கி இருக்கு. அது வந்ததும் அடுத்த வாரம் ஆரம்பிச்சிடலாம். அதுக்குள்ள யோசிச்சு வையுங்க."

யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். போகப்போகிற முடி, ஒரு வாரம் முன்னால் போனால் என்ன? அழகு கெட்டுவிடும் என்று அழுகிற வயதை நான் தாண்டியாகிவிட்டது. பாதி நரைத்த பின்னல் அது. என்னுடைய கவலை வேறு, அதை நர்ஸிடம் சொல்ல முடியாது. சொன்னால் மனநல மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

முடி போய்விட்டால் என் கணவர் என் பக்கத்தில் வருவதற்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது. இதுதான் என் கவலை.

இது புரிய வேண்டுமென்றால் என் தோள்பட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் ஒரு பெரிய ஹோட்டலின் லினன் அறையில் வேலை பார்க்கிறேன். சலவையாகி வருகிற படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் மடித்து, கூரை வரை போகிற அலமாரிகளில் அடுக்குவது எங்கள் வேலை. சில வருடங்களுக்கு முன்னால் என் வலது தோள் இறுகிப்போனது. கை காதுக்கு மேலே போகாது. சாப்பிடலாம், கையெழுத்துப் போடலாம். கோபம் வந்து யாரையாவது அறைவதென்றால்கூட, குள்ளமானவர்களாகப் பார்த்துத்தான் அறைய வேண்டும். தலை பின்ன மட்டும் வழியே இல்லை.

மகள் அப்போது கல்லூரிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் பின்னினால் பாதி வழியில் அவிழ்ந்துவிடும். ஒரு நாள் அவள் சீப்பை வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள், நான் தலைவிரி கோலமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கணவர் வந்து சீப்பை எடுத்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எஃகுக் கம்பிகளை முறுக்கி வடமாக்கித்தான் லிஃப்டைத் தொங்க விடுவார்களாம். அந்த நினைப்பிலேயே என் முடியையும் மூன்றாகப் பிரித்து இழுத்து முறுக்கினார். புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. அன்றைக்கு முழுவதும் யார் என்ன சொன்னாலும் ஆச்சரியப்படுகிற முகத்தோடு திரிந்தேன். போகப்போகக் கை பழகிவிட்டது. பிறகு அந்தப் பின்னலை மறுநாள் காலையில் அவரே வந்து அவிழ்த்தால்தான் அவிழும் என்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது வந்திருக்கும். மாட்டிக்கொண்ட லிஃப்டுகள் நேரம் காலம் பார்க்காமல் அவரைக் கூப்பிடும், என் தூக்கம் கெடக் கூடாது என்று மகள் அறையில் படுக்க ஆரம்பித்தார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் அது அவருடைய அறையாகவே ஆகிவிட்டது. அவர் சாப்பிடும்போது நான் வேலையில் இருப்பேன், நான் சாப்பிடும்போது அவர் யார் வீட்டு மொட்டைமாடியிலோ மோட்டாருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். காலையில் தலை பின்னுகிற நேரம் மட்டும் புருஷன் பெண்டாட்டி.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எங்கள் வீட்டின் செய்திகள் வாசிக்கப்படும். என் ஸ்டூலுக்கு எதிரே குளியலறைக் கதவு. நான் கதவைப் பார்த்துப் பேசுவேன், அவர் என் பின்மண்டையைப் பார்த்துப் பேசுவார். மகளின் கல்யாணம் அங்கேதான் முடிவானது. தன் அண்ணன் இறந்த செய்தியை அவர் அங்கேதான் சொன்னார். சொல்லும்போது பின்னல் இடது பக்கம் கொஞ்சம் இழுபட்டது, அவ்வளவுதான்.

"கட்டி இருக்கு, டெஸ்டுக்குக் குடுத்திருக்காங்க" என்று நானும் அந்தக் கதவைப் பார்த்துத்தான் சொன்னேன். முடிக்குள் அவர் விரல்கள் நின்றன. பிறகு, "ம்" என்றார். முடிவு வந்த மறுநாள், "அதுதானாம்" என்றேன். அதற்கும் ஒரு "ம்." பின்னல் முடிந்து ரப்பர் பேண்டைச் சுற்றும்போது, "எப்ப போகணும்?" என்று கேட்டார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்திருக்கலாம். பின்னும்போது திரும்பினால், "ஆடாம உட்காரு" என்பார். நானும் ஆடாமல் உட்கார்ந்தே பழகிவிட்டேன்.

இதே மனிதரை ஒருமுறை வேலையில் பார்த்திருக்கிறேன். வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன போனைக் கொடுக்க ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்துக்குப் போயிருந்தேன். லிஃப்டுக்குள் யாரோ ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார். இவர் மூடிய கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, உங்க பேர் என்ன, என்ன வாங்கிட்டு வந்தீங்க, பையில என்ன காய் இருக்கு, இன்னிக்கு என்ன சமையல் என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தார். அலறல் நின்றுபோய் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. நான் லிஃப்டில் மாட்டவில்லை என்பது ஒரு குற்றமா?

தோள் விஷயத்துக்கு வருகிறேன். அது எப்போதோ சரியாகிவிட்டது.

வேலையில் தினமும் துண்டுக் கட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கித்தான் அடுக்குகிறேன். வீட்டு வாசற்படியை மிதித்ததும் கை காதோடு நின்றுவிடும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காலையில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பின்கழுத்தில் அவர் விரல் படும்போது, சொல்வதற்கு எனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது என்று தோன்றும். கூச்சமாகத்தான் இருந்தது, நாற்பது வருடக் குடித்தனத்துக்கு அருகில் வந்துவிட்டு இப்படி ஒரு நாடகம் ஆடுகிறோமே என்று. இருந்தாலும் நாடகத்தை நிறுத்தவில்லை.

இது தெரிந்தவள் லினன் அறையில் என் ஜோடி ஒருத்திதான். பெரிய படுக்கை விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். நாள் முழுக்க இப்படி முகத்துக்கு முகம் வந்து வந்து போவதால் அவளிடம் எதையும் மறைக்க முடியாது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள், வாயில் மூத்தவள்.

"வெட்டிடுங்கக்கா" என்றாள் அவளும், விரிப்பை உதறிக்கொண்டே. "வெட்டிட்டு ஒரு சிவப்புத் தொப்பி போடுங்க. சூப்பரா இருப்பீங்க. சினிமாவுல எல்லாம் புருஷன்காரன் கூடவே மொட்டை போட்டுப்பான். நம்ம மாமாதான் அதையும் முன்னாடியே முடிச்சு வெச்சுட்டாரு."

சிரித்துவிட்டேன். அவர் தலையில் காதோரம் மட்டும்தான் கொஞ்சம் சொச்சம்.

அவள் முனைகளோடு என்னிடம் வந்து சேர்ந்தபோது குரலைத் தாழ்த்தினாள். "மாமாகிட்ட நேரா சொல்லிடுங்கக்கா. கை நல்லாயிடுச்சு, ஆனா நீங்க பின்னிவிட்டா எனக்குப் பிடிச்சிருக்குன்னு. இதுல என்ன இருக்கு?"

"உனக்கு ஒண்ணும் இல்லை. நீ தினமும் உன் புருஷன்கூட மூஞ்சியப் பார்த்துச் சண்டை போடுறே. எங்களுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

"அப்ப முடி கொட்டினதுக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

மடித்ததை அலமாரியில் வைத்தேன். அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

மகள் போனில், "அம்மா, நல்ல விக் கிடைக்குது, நான் ஆர்டர் போடுறேன், நீ வெட்டிடு" என்றாள். அவள் இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் வரட்டுமா என்று கேட்டாள். கைக்குழந்தையோடு நீ வந்தால் உன்னைப் பார்ப்பேனா என்னைப் பார்ப்பேனா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, வா என்று சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

மறுநாள் காலை குளியலறைக் கதவிடம் சொன்னேன். "முடியை வெட்டச் சொல்றாங்க."

"ம்."

"என்ன பண்ணட்டும்?"

சீப்பு மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடி மேலே போனது. "உன் முடி. உன் இஷ்டம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெட்டு என்றால், விட்டது தொல்லை என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அழுதிருப்பேன். வெட்டாதே என்றால் ஒரு வாரமாவது சந்தோஷமாக இருந்திருப்பேன். இது இரண்டும் இல்லாமல், எதிர்வீட்டு ஜன்னலுக்கு என்ன கலர் பெயின்ட் அடிப்பது என்று கேட்ட மாதிரி ஒரு பதில். அன்றைக்குப் பின்னல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. அதைக்கூட நான் கவனக்குறைவு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேனுக்கு அவரும் வந்தார். கூட ஒரு ஆள் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், அதனால் வந்தார். காத்திருக்கிற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தோம். அவர் அந்தக் கட்டிடத்து லிஃப்ட் இறங்குகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "பேரிங் போயிருக்கு" என்றார் ஒருமுறை. அன்றைக்கு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஸ்கேன் எடுக்கிற பையன் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டான். கையில் நீல நிற மேலங்கி. "உள்ள போய் இதை மாத்திக்கோங்கம்மா. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மெஷின்ல படுத்ததும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி வெச்சுக்கணும். முடியற வரைக்கும் அப்படியே அசையாம இருக்கணும். தோள்ல, கையில ஏதாவது பிரச்சினை இருக்கா? தூக்க முடியுமா?"

முடியும் என்றால் இத்தனை காலத்து நாடகம் அந்த இடத்திலேயே முடிந்தது. முடியாது என்றால் ஸ்கேன் தள்ளிப்போகும், மருந்து தள்ளிப்போகும். என் உயிரையும் என் பின்னலையும் ஒரே கேள்வியில் வைத்துக் கேட்கிறான் அந்தப் பையன். சிரிக்காதீர்கள், நான் உண்மையாகவே யோசித்தேன்.

"அம்மா? தூக்க முடியுமா?"

"அதெல்லாம் தூக்குவா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருந்ததை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

மெஷினுக்குள் கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தேன். மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடுங்கள் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வந்திருக்கிறார். எவ்வளவு நாளாக? வாய்க்குள் சிரித்திருப்பாரோ? பாவம், கிழவிக்கு ஆசை, போனால் போகிறது என்று பிச்சை போடுகிற மாதிரி பின்னிவிட்டாரோ? வெட்கம் காது மடலில் சுட்டது. உடம்புக்குள் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று மெஷின் தேடிக்கொண்டிருந்தது, நான் இதை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வீடு வரும் வரை இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற இடம் அதுவல்ல. எங்களுக்குப் பேசுகிற இடம் ஒன்றுதான், பேசுகிற நேரமும் ஒன்றுதான்.

அதனால் மறுநாள் காலையில் சீக்கிரமே ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டேன். பின்னலை அவிழ்த்து விட்டுக்கொண்டேன். சீப்பை மடியில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு வந்தாரென்றால் எல்லாவற்றையும் கேட்டுவிடுவது, சொல்லிவிடுவது. வரவில்லையென்றால் அதுவே பதில். இன்னும் கை தூக்காதவள் மாதிரி நான் போய்க் கூப்பிட முடியாது. இனி அவரே வந்தால்தான் உண்டு.

அவர் அறைக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கூடம் வரைக்கும் வந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் திரும்பவில்லை, ஆடாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வாசல் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. போய்விட்டார்.

எழுந்து நின்று, இரண்டு கையையும் தாராளமாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், நானே பின்னிக்கொண்டேன். கை நன்றாகத்தான் தூக்கியது. பழக்கமில்லாததால் பின்னல் கோணல்மாணலாக வந்தது, ஒரு பிரி தடித்தும் ஒரு பிரி மெலிந்தும். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த மாதிரி நான் என்றைக்கும் தனியாக இருந்ததில்லை. அவர் வேலைக்குப் போயிருக்கிறார், மாலையில் வந்துவிடுவார், எல்லாம் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் இருந்தது. டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்ன அன்றுகூட நான் அழவில்லை. அந்தக் கோணல் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுப் பார்த்து அழுதேன்.

அழுது முடித்ததும் வேலைக்கு லீவு சொன்னேன். நேராகக் கடைத்தெருவில் இருக்கிற பியூட்டி பார்லருக்குப் போனேன்.

அந்தப் பெண் துணியைக் கழுத்தில் கட்டி, "ஓரத்துல மட்டும் ட்ரிம் பண்ணணுமா?" என்று கேட்டாள்.

"மொத்தமா எடுத்துடும்மா. காதுக்கு மேல."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ஏதோ புரிந்திருக்க வேண்டும், மேலே ஒன்றும் கேட்கவில்லை. பின்னலை மேலேயும் கீழேயும் இறுக்கிக் கட்டி, கழுத்தோரம் கத்தரியை வைத்தாள். ஒரே வெட்டில் போய்விடும் என்று நினைத்திருந்தேன், கத்தரி கடித்துக் கடித்துத்தான் போனது. தலை சட்டென்று லேசாகி முன்னால் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. வெட்டுப்பட்டது அவர் பின்னிய பின்னல் இல்லை. நேற்றைக்கு வெட்டியிருந்தால் அவர் கை பட்ட பின்னல் போயிருக்கும். இன்றைக்கு என் கோணல் பின்னல்தான் போனது. எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, மனசு மட்டும் ரொம்ப வலித்தது.

"எடுத்துட்டுப் போறீங்களாம்மா?" என்று நீட்டினாள்.

"வேண்டாம்."

குட்டையாக ஒழுங்குபடுத்தி, பின்பக்கம் சின்னக் கண்ணாடி பிடித்துக் காட்டினாள். "ரொம்ப அழகா இருக்கும்மா. பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். வழியில் பார்த்த கீழ்வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். எல்லோரும் சேர்ந்து ஒத்திகை பார்த்திருப்பார்கள் போல.

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தேன். கழுத்தில் காற்று படுவது புதிதாக இருந்தது. டீ போட்டு ஆற விட்டேன். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. சாயங்காலம் வாசல் கதவு திறந்தது, கருவிப் பை கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்பவில்லை.

நடை வந்து என் பின்னால் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கிரீஸ் வாசனை வந்தது.

"வெட்டிட்டேன்" என்றேன்.

"ம்."

இந்த "ம்" கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "எப்பலேருந்து தெரியும்?"

"மக ஊருக்குப் போன அன்னிக்கு" என்றார். "பரண்லேருந்து பெரிய பெட்டியை நீதானே இறக்கினே, ரெண்டு கையாலயும். நான் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு மகளுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. அத்தனை காலம்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீயே பின்னிக்குவே."

எனக்குப் பேச்சு கோபமாகத்தான் வந்தது, வேறு விதமாக வராது. "அப்புறம் காலையில ஏன் வரலை? சீப்பை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே, முட்டாள் மாதிரி!"

"வந்தேனே. கூடத்துல நின்னுக்கிட்டுதான் இருந்தேன். நீ கூப்பிடுவேன்னு பார்த்தேன்."

"நான் ஏன் கூப்பிடணும்? தினமும் கூப்பிட்டா வந்தீங்க?"

"தினமும் உனக்குக் கை தூக்காது. நேத்து எல்லார் முன்னாடியும் தூக்கும்னு ஆயிடுச்சு. அதுக்கு அப்புறமும் நானா வந்து நின்னா நல்லாவா இருக்கும்? அதிகப்பிரசங்கித்தனமா இருக்காதா?"

"கட்டின பொண்டாட்டிகிட்ட என்னங்க அதிகப்பிரசங்கித்தனம்?" என்று கத்தினேன். "நீங்க கூடத்துல நின்னீங்க, நான் ஸ்டூல்ல உட்கார்ந்தேன். நடுவுல ஒரு கதவுகூட இல்லையே. ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"நீயும் ஒரு குரல் குடுத்திருக்கலாம்."

அவர் விரல் என் பிடரியில் பட்டது. வெட்டிய இடத்தில் மேலும் கீழுமாக ஒருமுறை போனது. அங்கே அவருக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை.

"நல்லா இல்லை" என்றார்.

காலையிலிருந்து எனக்கு யாரும் சொல்லாத உண்மை அது. "நல்லா இல்லைதான்" என்றேன்.

"முன்னாடி நல்லா இருந்துச்சு."

"இதை முந்தாநாள் சொல்லியிருக்கலாம்ல? உன் முடி, உன் இஷ்டம்னீங்க."

"வெட்டாதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? மருந்து ஏத்திக்கப் போறது நீ. கொட்டும்போது பார்க்கப் போறதும் நீ." கை என் பிடரியை விட்டுப் போயிற்று. எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சட்டையிலேயே துடைத்துக்கொள்வது கேட்டது. பிறகு, மெதுவாக, "இனிமே எங்க நின்னு உங்கிட்ட பேசுறதுன்னுதான் தெரியலை" என்றார்.

எதிரே இருந்த நாற்காலியைக் காலால் தள்ளி விட்டேன். கொஞ்சம் வேகமாகவே போய்ச் சுவரில் இடித்தது.

அவர் மேஜையைச் சுற்றி வந்து அதில் உட்கார்ந்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டு, டாக்டர் அறையில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். முதலில் டீ டம்ளரைப் பார்த்தார், பிறகு ஜன்னலை. "என்னைப் பாருங்க" என்றேன். பார்த்தார். அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில், நேருக்கு நேர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சாப்பிடாத முகம், தூங்காத முகம். என் பின்னால் நின்றுகொண்டு "ம்" சொன்ன அத்தனை நாளும் இந்த முகத்தோடுதான் சொல்லியிருக்கிறார், நான் குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். யாரிடமும் இதுவரை சொல்லாத வார்த்தை. நர்ஸிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, ரேடியோவிடமும் சொல்லவில்லை.

ஒன்றும் ஆகாது என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் முழங்காலிலிருந்த கையை எடுத்து மேஜை மேல் வைத்தார், என் கைக்குப் பக்கத்தில்.

"கட்டி இருக்குன்னு சொன்னியே ஒரு நாள்" என்றார். "அதுலேருந்து சொல்லு. நான் அன்னிக்கு ஒண்ணுமே கேக்கலை."